கூட இருக்கிற ஆள்

ஏரியூர்
6 ஜனவரி 2025

அன்புத் தங்கை தெரசாவுக்கு,

சேசுவுக்கே புகழ். நான் நலம். நீயும் மடத்தில் உள்ள சகோதரிகள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் குளிரில் உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நாளெல்லாம் முழங்காலில் நிற்கிறவளுக்கு அது வராமல் எனக்கா வரும்?

நான் நலம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்க மனமில்லை, இருக்கட்டும். விஷயம் இதுதான். நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா? தர்மபுரியில் இதய டாக்டரிடம் போனேன். சின்ன வயதில் எனக்கு மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்ததே, நீ கூடப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாயே, அந்தக் காய்ச்சல் அன்றைக்கே இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. இப்போது அது சரியாகத் திறப்பதில்லை. நெஞ்சைத் திறந்து வேறு வால்வு வைக்க வேண்டுமாம். பஞ்சர் கடைக்காரனுக்கு வால்வு மாற்றுவது புது வேலையா என்று கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

உடனே செய்ய மாட்டார்கள். இத்தனை வருஷம் குடித்த பீடி நுரையீரலில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே சில வாரம் மூச்சுப் பயிற்சி, பிறகுதான் கத்தி. அதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறை இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிப் போய்வர வேண்டும்.

நீ கவலைப்படாதே. பிள்ளை ஜோசப் ராஜ் ஓசூர் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். அவன்தான் கூட வருகிறான்.

உங்கள் வாசலில் போன் இருப்பது தெரியும். அதில் பேசினால் வாசல் சிஸ்டர் பாதி நேரம் என் இளைப்பைத்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள். எனக்காக வேண்டிக்கொள்.

உன் அண்ணன்,
மதலைமுத்து

*

மடத்திலிருந்து
18 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. நான் நலம். முட்டிவலி அதன் கடமையைச் செய்கிறது. உன் கடிதத்தை மதர் என்னிடம் கொடுத்தபோதே முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார். இங்கே வரும் கடிதங்களை அவர் முதலில் படிப்பார் என்று உனக்குத் தெரியும். அன்று மாலை ஜெபத்தில் எல்லோரும் உன் பெயரைச் சொன்னோம்.

பீடியை விட்டுவிட்டாயா? அதைப் பற்றி நீ எழுதவில்லை.

மூச்சுப் பயிற்சி என்றதும் ஒன்று தோன்றியது. இங்கே நாங்கள் திருப்பாடல் ஓதும்போது ஒவ்வொரு வசனத்தையும் பாதியில் நிறுத்துவோம். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டுதான் மறுபாதி. புதிதாக வருகிறவர்கள் நிறுத்தாமல் ஓடுவார்கள், பாதி வழியில் திணறுவார்கள். அவசரப்படாமல் நிறுத்தக் கற்றுக்கொள்ளவே சிலருக்கு ஒரு வருஷம் ஆகும். நீ எப்போதும் ஓடுகிற ஆள்.

ஜோசப் ராஜ் கூட இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல். இன்னாசி அண்ணி போன பிறகு அந்த வீட்டில் நீ தனியாக இருப்பதை நினைக்காத நாள் இல்லை. அவனிடம் என் ஆசீரைச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
தெரசா

*

ஏரியூர்
2 பிப்ரவரி 2025

அன்புத் தெரசாவுக்கு,

சேசுவுக்கே புகழ். இங்கு எல்லோரும் நலம். அங்கு அனைவரையும் கேட்டதாகச் சொல். பீடியை விட்டுவிட்டேன். டீக்கடைப் பச்சியப்பன் சாட்சி. என்னைப் பார்த்ததும் பீடிக்கட்டை எடுத்து மறைத்து வைக்கிறான், படுபாவி.

பயிற்சி சொல்லித் தரும் பெண்ணின் பெயர் நிர்மலா. நல்லம்பள்ளிப் பக்கம். முதல் நாள் ஒரு பிளாஸ்டிக் சாமானைக் கையில் கொடுத்தாள். உள்ளே மூன்று பந்து, பக்கத்தில் ஒரு குழாய். நான் குழாயை வாயில் வைத்துப் பலம்கொண்ட மட்டும் ஊதினேன். பந்து அசையவில்லை. என்ன பஞ்சரோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஐயா, ஊதாதீங்க, உறிஞ்சுங்க. காத்து உள்ள போனாத்தான் பந்து மேல வரும்" என்றாள். ஊருக்கெல்லாம் காற்றடித்துக் கொடுத்தவனுக்கு உள்ளே இழுக்கத் தெரியவில்லை. ஒரே ஒரு பந்து கொஞ்சம் எழும்பி விழுந்தது. மற்ற இரண்டும் என்னை மதிக்கவே இல்லை.

அப்புறம் வயிற்றில் கை வைத்து, வயிறு எழும்ப மூச்சு இழுக்க வேண்டும். நான் தோளைத் தூக்கித் தூக்கி இழுக்கிறேனாம். பின்பு தலையணையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். சளி இல்லாமல் எதற்கு இருமுவது என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆபரேஷன் முடிஞ்சா நெஞ்செலும்பு வலிக்குங்க. அந்தப் பயத்துல யாரும் இரும மாட்டாங்க, மூச்சையும் மேலாலதான் எடுப்பாங்க. சளி கட்டிக்கிட்டா நிமோனியா வந்துரும். அப்ப உங்கள விடாம இரும வெக்க, கைய அண்டக் குடுத்துப் புடிச்சுக்க வூட்டு ஆளு ஒருத்தர் வேணுங்க. அவங்களும் வந்து எங்கிட்டக் கத்துக்கணும்."

ஜோசப் ராஜ் சீக்கிரம் கற்றுக்கொண்டான். இப்போது காலையும் மாலையும் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து இருமிப் பார்க்கிறேன். வாசலில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீ சொன்ன மாதிரி பாதியில் நிறுத்தியும் பார்க்கிறேன். வேண்டிக்கொள்.

உன் அண்ணன்,
மதலைமுத்து

*

மடத்திலிருந்து
17 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. இங்கே எல்லோரும் சுகம். நீ பந்தோடு சண்டை போட்டதைச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு நேரத்தில் மதர் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். வயதான சகோதரி ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, கடைசியில் அவருக்கும் உன் மூச்சுப் பயிற்சி தேவைப்பட்டது.

ஜோசப் ராஜ் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை இப்போதுதான் வந்து சேர்ந்தது. பனி மூடிய ஒரு கோயில் படம். அவன் கையெழுத்து உன் கையெழுத்து மாதிரியே சாய்ந்திருக்கிறது. தபால்தலையில் இருந்த நாட்டின் பெயரைச் சகோதரிகள் சேர்ந்து படித்தோம். மிகவும் குளிரான இடமாம். கம்பளி வைத்திருக்கிறானா?

மார்ச் ஐந்து சாம்பல் புதன். தவக்காலத்தில் நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, வந்ததைப் பிரிப்பதும் இல்லை என்று உனக்கு நினைவூட்டத் தேவையில்லை. வருவது எல்லாம் வாசல் பெட்டியில் இருக்கும். ஈஸ்டர் அன்றுதான் மதர் கையால் கிடைக்கும். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அதற்கு முன் எழுது அண்ணா. எதுவாக இருந்தாலும் எழுது.

மூச்சு எப்படி இருக்கிறது? தூக்கம் வருகிறதா?

அன்புடன்,
தெரசா

*

ஏரியூர்
6 மார்ச் 2025

அன்புத் தெரசாவுக்கு,

சேசுவுக்கே புகழ். நேற்று கோயிலில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. வேண்டுமென்றேதான் பதில் போடாமல் இருந்தேன். இப்போது பெட்டிக்குள் போய்விடும், ஈஸ்டர் வரை யாரும் தொட மாட்டீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

ஜோசப் ராஜ் இங்கே இல்லை. ஓசூரிலும் இல்லை. போலந்து என்ற நாட்டில் ஏதோ குடோனில் வேலை. போய் எட்டு மாதம் ஆகிறது. அந்தக் கடங்காரன் உனக்கு வாழ்த்து அட்டை போடுவான் என்று நான் கண்டேனா? வீடு காலியாக இருக்கிறது என்று உனக்கு எழுதப் பிடிக்கவில்லை. அதனால் அவனை ஓசூரிலேயே வைத்திருந்தேன். பிறகு ஓசூரிலிருந்து வீட்டுக்கும் கூட்டிவந்துவிட்டேன். எழுதும்போது எனக்கே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவனிடம் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லவில்லை. வாயுத் தொல்லை என்று சொல்லியிருக்கிறேன். பாதியில் கிளம்பி வந்தால் வேலை போய்விடும், திரும்ப எடுக்க மாட்டார்கள். போனில் பேசும்போது சீக்கிரம் முடித்துக்கொள்கிறேன், இளைப்பு கேட்டுவிடக் கூடாதே. அப்பாவுக்குப் பேசப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. இப்போது அவனும் சீக்கிரம் முடிக்கிறான்.

இரண்டாவது பந்து எழும்புகிறது. நிர்மலா கை தட்டினாள். பார்க்க வேறு ஆள் இல்லை.

உன் முட்டியைப் பார்த்துக்கொள்.

மதலைமுத்து

*

ஏரியூர்
22 மார்ச் 2025

அன்புத் தெரசாவுக்கு,

சேசுவுக்கே புகழ். நலமா? நீ படிக்காத கடிதம் எழுதுவது நன்றாகத்தான் இருக்கிறது. குறுக்கே பேச ஆள் இல்லை.

"உங்க வூட்டு ஆள எப்பங்க கூட்டியாருவீங்க?" என்று நிர்மலா ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். ஆள் இல்லாமல் டாக்டர் தேதி குறிக்க மாட்டாராம். கையெழுத்து போட மட்டும் இல்லை, ஆபரேஷனுக்குப் பிறகு வார்டில் கூடவே இருக்க வேண்டும். பச்சியப்பனைக் கேட்டேன். கையெழுத்து போடுகிறேன், ரத்தமும் கொடுக்கிறேன் என்றான். ஆனால் தங்க முடியாது. கடையைத் திறக்காவிட்டால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது, அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

போன வாரம் அவள் மறுபடியும் கேட்டாள். பக்கத்து நாற்காலியில் ஒருவர், அவரும் என்னைப் போல ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவர், மனைவி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். அவர்களைப் பார்த்துக்கொண்டே வாய் தவறிச் சொல்லிவிட்டேன், ஈஸ்டர் முடிந்ததும் என் தங்கச்சி வந்துவிடுவாள் என்று. நிர்மலா உடனே சீட்டில் குறித்துக்கொண்டாள்.

பயப்படாதே. உன்னைக் கூப்பிடவில்லை. நீ வெளியே வர முடியாது என்று எனக்குத் தெரியும். இன்னாசி செத்தபோதே தெரியும். அன்றைக்கு நடு மத்தியானம் வரை சவப்பெட்டியை மூட விடாமல் வைத்திருந்தேன். பங்குச் சாமியார் வெயில் ஏறுகிறது என்றார். நீ வருவாய் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. நல்ல கடிதம்தான். அதில் எல்லாம் இருந்தது, வர முடியவில்லையே என்ற ஒரு வரியைத் தவிர. ஏழு வருஷமாக உன்னிடம் இதைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். கேட்டதே இல்லை.

இதைப் படிக்கும்போது கோபப்படாதே. நெஞ்சில் காற்று குறைந்தவன் எழுதியது.

மதலைமுத்து

*

ஏரியூர்
5 ஏப்ரல் 2025

அன்புத் தெரசாவுக்கு,

சேசுவுக்கே புகழ். உடம்பு எப்படி இருக்கிறது? தேதி குறித்துவிட்டார்கள். ஈஸ்டர் முடிந்த செவ்வாய் அட்மிஷன், வியாழன் ஆபரேஷன். என் தங்கச்சியை நம்பிக் குறித்த தேதி. அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். நுரையீரல் இப்போது தாங்குமாம், இனியும் தள்ளினால் இதயம் தாங்காதாம். கடைசி நேரத்தில் தனியாகப் போய் நின்றால் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது பந்து அசைந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது, தெரசா. சாவுக்கு இல்லை. கண் விழிக்கும்போது யாரும் இருக்க மாட்டார்கள் என்றுதான்.

மதலைமுத்து

*

மடத்திலிருந்து
10 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆண்டவரின் சமாதானம். தவக்காலத்தில் என் கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே. மதர் அனுமதி கொடுத்து எழுதுகிறேன். நான் நலம்.

ஜோசப் ராஜின் அட்டை வந்த அன்றே மதரிடம் போனேன். அண்ணன் தனியாக இருக்கிறான், நான் போக வேண்டும் என்றேன். இது அவர் மட்டும் முடிவு செய்கிற காரியம் இல்லை, மறைமாவட்ட ஆயருக்கு எழுத வேண்டும் என்றார். எழுதினார். கிடைக்காவிட்டால் நீ ஏமாறக் கூடாது என்று உனக்குச் சொல்லவில்லை. பதில் இன்று வந்தது. நீ வீடு திரும்பும் வரை நான் உன்னோடு இருக்கலாம்.

ஆபரேஷன் எப்போது என்று எனக்குத் தெரியாது. உன் கடிதங்கள் மூன்று பெட்டியில் கிடப்பதை வாசல் சிஸ்டர் சகாயராணி சொன்னார். அவற்றில் தேதி இருக்கலாம். ஆனாலும் ஈஸ்டருக்கு முன்னால் பிரிக்க மாட்டேன், எனக்குக் கிடைத்ததே பெரிய சலுகை. வாசல் போனுக்குப் பேசித் தேதியை மட்டும் சகாயராணியிடம் சொல். நீண்ட பேச்சு வேண்டாம், மூச்சு வாங்கும்.

சாப்பிடு. தூங்கு. வருகிறேன்.

தெரசா

*

ஏரியூர்
15 ஏப்ரல் 2025

அன்புத் தெரசாவுக்கு,

சேசுவுக்கே புகழ். போனில் தேதியைச் சொல்லிவிட்டேன். சகாயராணி சிஸ்டர் திரும்பச் சொல்லச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் இளைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு வேண்டுகோள். பெட்டியில் இருக்கும் அந்த மூன்று கடிதத்தையும் பிரிக்காதே. அப்படியே அடுப்பில் போட்டுவிடு. அதில் ஒன்றும் இல்லை. வெறும் உளறல்.

எழுதி முடித்த பிறகுதான் உறைக்கிறது, இந்தக் கடிதமும் அதே பெட்டிக்குத்தான் போகும். போகட்டும். நீ வா.

மதலைமுத்து

*

தர்மபுரி
25 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இயேசு உயிர்த்தார். ஐசியு கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் உள்ளே கொஞ்ச நேரம்தான் விட்டார்கள். உன் வாயில் குழாய் இருந்தது. நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய், பிறகு என் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாய். நான் மட்டும்தான் அண்ணா. சாயங்காலம் குழாயை எடுத்துவிடுவார்களாம். இருபது வருஷத்துக்கு மேல் கடிதத்திலேயே பேசிவிட்டோம். பக்கத்தில் வந்தும் எனக்கு அதுதான் வருகிறது.

அட்மிஷன் அன்றைக்கு நீ ஓரிரு வார்த்தைதான் பேசினாய். உன் முகத்தைப் பார்த்து நானும் கடிதங்களைப் பற்றி எடுக்கவில்லை. இப்போது சொல்கிறேன். மதர் கொடுத்த கடிதக் கட்டின் மேலே உன் கடைசிக் கடிதம்தான் இருந்தது. மற்றவற்றைப் பிரிக்காதே என்று அதில் எழுதியிருந்தாய். பஸ்ஸில் மூன்றையும் பிரித்துப் படித்தேன். கீழ்ப்படிதல் எல்லாம் மடத்துக்குள்தான்.

இன்னாசி அண்ணி இறந்த அன்றும் அனுமதி கேட்டேன், அண்ணா. அப்போது இருந்த வழக்கம் வேறு, கிடைக்கவில்லை. வர முடியவில்லை என்று எழுதினால் மடத்தைக் குறை சொன்னது போல ஆகும் என்று அந்த வரியை விட்டுவிட்டேன். அன்றைக்கு நடு மத்தியானத்தில் நான் தோட்டத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தேன், மண்ணில் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு அழுகை. நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததை இந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

நிர்மலா எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டாள். நாளைக்கு உன்னை உட்கார வைப்பார்கள். நீ வலிக்கிறது என்பாய், முறைப்பாய். நான் தலையணையை உன் நெஞ்சில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். நீ இருமத்தான் வேண்டும்.

பயிற்சியின்போது கையில் நிறையப் பலம் இருக்கிறதே சிஸ்டர் என்று நிர்மலா வியந்தாள். தோட்ட வேலை என்றேன்.

தெரசா

*

ஏரியூர்
15 ஜூன் 2025

அன்புத் தெரசாவுக்கு,

சேசுவுக்கே புகழ். நீ நலமாகப் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. முட்டிக்கு எண்ணெய் தடவுகிறாயா? மதருக்கும் சகாயராணி சிஸ்டருக்கும் என் வணக்கம்.

கடைக்கு நடந்தே போகிறேன். நடுவில் நிற்பதில்லை. நெஞ்செலும்பு கூடும் வரை கனம் தூக்கக் கூடாது என்றிருக்கிறார்கள், அதனால் உட்கார்ந்து கம்ப்ரசரில் காற்று மட்டும் பிடித்துவிடுகிறேன். நிர்மலா மறுபடியும் பரிசோதித்துவிட்டு இனி மாதம் ஒரு தடவை வந்தால் போதும் என்றாள். எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இல்லை. வாரம் இரண்டு நாள் போக ஓர் இடம் இருந்தது.

ஜோசப் ராஜிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஏம்ப்பா, நான் யாருப்பா உனக்கு?" என்று கேட்டான். இப்போது ஞாயிறுதோறும் பேசுகிறான், நானும் சீக்கிரம் வைப்பதில்லை. அடுத்த வருஷம் லீவு கிடைக்கும் என்கிறான்.

நீ கிளம்பிய அன்று பஸ் திரும்பும் வரை நின்றேன். வீட்டுக்கு வந்து ரேடியோவைப் போட்டேன், அணைத்துவிட்டேன். அட்மிஷனிலிருந்து நீ போகும் வரை, நான் ஏதாவது சொன்னால் பக்கத்தில் ஒரு பதில் இருந்தது. அது பழக்கமாகிவிட்டது, அதுதான் கஷ்டம். இப்போது பேச மூச்சு நிறைய இருக்கிறது, மத்தியானம் வரை யாரோடும் பேசாத நாட்கள் உண்டு.

நலமா என்று கேட்பாய். மூச்சு நலம். வால்வு நலம். நான் தனியாகத்தான் இருக்கிறேன், தெரசா, அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. இந்தத் தடவை கூட யாரும் இருப்பதாக எழுதவில்லை. சீக்கிரம் பதில் போடு.

உன் அண்ணன்,
மதலைமுத்து